திருநங்கையர் சிகிச்சை: ஆய்வறிவு பொதுவுடைமையாகட்டும்

2025-இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் தன் ஆராய்ச்சியாளர்களுக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தது. ஆய்விதழ்களுக்கு அனுப்பப்பட்டு இன்னும் அச்சேறாத கட்டுரைகளில் ‘பாலினம்’, ‘திருநர்’ என்பன போன்ற சொற்கள் இருக்குமானால் அவற்றைத் திரும்பப் பெற வேண்டும் என்பது அதன் சாரம். அதே காலத்தில் அம்மையத்தின் இணையதளத்திலிருந்து பல சுகாதாரப் பக்கங்களும் மறைந்தன. மருத்துவர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், பிப்ரவரி 11 அன்று கூட்டாட்சி நீதிமன்றம் அப்பக்கங்களை மீண்டும் இடம்பெறச் செய்ய ஆணையிட்டது. இத்தகைய உத்தரவுக்கு ஆய்விதழ்கள் பணியலாகாது என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழின் ஆசிரியர்கள் எழுதினர்.

இத்துறையின் அறிவு அழிவை எதிர்கொள்வது இது முதன்முறை அன்று. 1919-இல் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு பெர்லினில் பாலியல் ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். ஆண் உடலோடு பிறந்து பெண்ணாக வாழ விழைந்தோருக்கான தொடக்ககால அறுவை சிகிச்சைகள் அங்கு நடந்தன. 1933 மே 6 அன்று நாஜி ஆதரவு மாணவர்கள் அந்நிறுவனத்தைச் சூறையாடினர். நான்கு நாள்கள் கழித்து, பெர்லினின் திறந்த சதுக்கத்தில் எரிக்கப்பட்ட நூல்களில் அதன் நூலகத்தின் பெரும்பகுதியும் சேர்ந்து சாம்பலாயிற்று. பல ஆண்டுக் கால மருத்துவ அனுபவம் அடுத்த தலைமுறை மருத்துவர்களுக்குக் கைமாறாமலே போயிற்று.

மருத்துவம் என் துறை அன்று. பொருளியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஆனால் தகவல் என்னும் விந்தையான பண்டத்தைப் பற்றி வகுப்பறையில் ஆண்டுதோறும் பேசியிருக்கிறேன். 1963-இல் கென்னத் ஆரோ எழுதிய ஒரு கட்டுரை, மருத்துவச் சந்தை ஏன் அரிசிச் சந்தையைப் போன்றது அன்று என்பதை விளக்கியது. அரிசி வாங்குபவர் தாம் வாங்குவது இன்னதென்று அறிவார். நோயாளியோ தமக்குத் தேவை எது, தரப்படுவது எது, அதன் விளைவு எது என்பதை அறியார். விற்பவரின் அறிவை நம்பித்தான் வாங்குகிறார். இந்த ஏற்றத்தாழ்வு எல்லா நோயாளிகளுக்கும் பொது. திருநங்கையர் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது: பல நேரங்களில் விற்பவருக்கும் அந்த அறிவு இருப்பதில்லை. எனவே, திருநங்கையருக்கான மருத்துவ ஆய்வுகள் யார் கைக்கு, எந்த மொழியில், எவ்வளவு முழுமையாகப் போய்ச் சேருகின்றன என்ற கேள்வி அவர்களின் உயிரோடு தொடர்புடையது.

மருந்துக் கடையில் தொடங்கும் சிகிச்சை

பெண்ணாக மாற விழையும் ஒருவருக்கு மருத்துவம் இன்று தருவது பெரும்பாலும் இரு படிகளைக் கொண்டது. முதலாவது ஹார்மோன் சிகிச்சை. ஈஸ்ட்ரோஜன் தரப்படுகிறது; அதனோடு ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனின் ஆற்றலைக் குறைக்கும் மருந்தும் சேர்கிறது. மாதங்கள், ஆண்டுகள் என மெல்ல மெல்ல மார்பகம் வளர்கிறது, தோல் மென்மையாகிறது, உடற்கொழுப்பின் பரவல் மாறுகிறது. ஆண் பருவத்தில் தடித்துவிட்ட குரல் இதனால் மாறாது. இனப்பெருக்கத் திறன் குன்றும். அது மீளும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது படி அறுவை சிகிச்சை. அதை எல்லோரும் நாடுவதில்லை.

இந்த முதல் படி மருத்துவரின் அறையில் தொடங்க வேண்டும். நம் நாட்டில் அது பலருக்கு மருந்துக் கடையில் தொடங்குகிறது. மருத்துவரிடம் போனால் ஏளனம் கிடைக்குமோ என்ற அச்சம், கையில் பணமின்மை, இதை அறிந்த மருத்துவர் அருகில் இல்லாமை ஆகிய காரணங்களால், எளிதில் கிடைக்கும் கருத்தடை மாத்திரைகளைத் தாமாகவே வாங்கி உட்கொள்ளும் வழக்கம் திருநங்கையரிடையே இருப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. மூத்தவர் சொல்ல இளையவர் கேட்டுக்கொள்வதே அங்கு மருத்துவ ஆலோசனை.

அந்த மாத்திரையில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். நமக்குப் பழக்கமான மாலா-டி போன்றவற்றில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடையால் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜன். அதனோடு லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மற்றொரு ஹார்மோனும் உண்டு. எத்தினைல் ஈஸ்ட்ரடையால் கல்லீரலில் வலுவாகச் செயல்பட்டு, ரத்தம் உறைவதற்கான புரதங்களின் சமநிலையை மாற்றுகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரலுக்கோ ஆண் ஹார்மோனை ஒத்த சிறு குணமும் உண்டு. விரைவில் மாற்றம் காண வேண்டும் என்ற ஆவலில் நாளொன்றுக்குப் பல மாத்திரைகளை விழுங்குபவர், தாம் விரும்பாத குணத்தையும் தமக்குத் தெரியாத ஆபத்தையும் ஒருசேர விழுங்குகிறார். இந்த ஆபத்து குறித்த தெளிவான எச்சரிக்கை, ஓர் ஐரோப்பிய நகரின் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது.

ஆம்ஸ்டர்டம் தந்த பாடம்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டம் நகரிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனை, 1970-களிலிருந்து திருநருக்குச் சிகிச்சை அளித்து வருகிறது. சிகிச்சை பெற்றவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை வெளியிட்டதே அதன் சிறப்பு.

1989-இல் அம்மருத்துவமனையைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில் 303 திருநங்கையர் இடம்பெற்றிருந்தனர். ரத்தம் உறைந்து நாளங்களை அடைக்கும் நிகழ்வு, பொது மக்களிடம் எதிர்பார்க்கப்படுவதைப் போல 45 மடங்கு இருந்தது. சிகிச்சை தந்தவர்களே தம் சிகிச்சையின் தீங்கை எழுதி வெளியிட்டார்கள். 1997-இல் 816 திருநங்கையரை உள்ளடக்கிய அடுத்த ஆய்வு வந்தது; அதில் இது 20 மடங்காகக் கணிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு மாத்திரைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையை மருத்துவர்கள் தரத் தொடங்கியிருந்தனர். தோல் வழியே செல்லும் மருந்து கல்லீரலை நேரே தாக்குவதில்லை. 2011-இல் 966 திருநங்கையரைப் பற்றிய ஆய்வு, எத்தினைல் ஈஸ்ட்ரடையாலைத் தொடர்ந்து உட்கொள்வோரிடம் இதயநோய் சார்ந்த இறப்பின் வாய்ப்பு மும்மடங்கு கூடுவதாகக் காட்டியது. இன்று உலகின் முக்கியமான சிகிச்சை நெறிமுறைகள் எவையும் இப்பயன்பாட்டிற்கு எத்தினைல் ஈஸ்ட்ரடையாலைப் பரிந்துரைப்பதில்லை. உடலில் இயல்பாகச் சுரக்கும் ஈஸ்ட்ரடையாலையே பரிந்துரைக்கின்றன.

ஈஸ்ட்ரடையாலுக்கு மாறியதால் ஆபத்து முற்றிலும் நீங்கிவிட்டதென்று கொள்ளலாகாது. 2018-இல் அமெரிக்காவின் கைசர் மருத்துவ அமைப்பின் பதிவுகளைக் கொண்டு 2,842 திருநங்கையரை ஆராய்ந்தவர்கள், ஆண்களோடு ஒப்பிடும்போது எட்டாண்டுகளில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 17 பேர் கூடுதலாகச் சிரைகளில் ரத்த உறைவுக்கு ஆளாவதைக் கண்டனர். ‘ஆபத்தே இல்லை’, ‘செத்துப்போவாய்’ என்ற இரு கூக்குரல்களுக்கும் இடையே, புகைபிடிப்பவர், உடற்பருமன் உள்ளவர், குடும்பத்தில் ரத்த உறைவு கண்டவர் எனத் தம் நிலையை எடைபோட்டுப் பார்க்க இத்தகைய எண்கள் ஒருவருக்கு உதவும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு சைப்ரோடிரோன் அசிடேட் என்ற மருந்து. டெஸ்டோஸ்டிரோனைத் தணிக்க ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் திருநங்கையருக்கு இது தரப்படுகிறது. நாளொன்றுக்கு 50 அல்லது 100 மில்லிகிராம் என்பது நெடுங்கால வழக்கம். பிரான்சில் இரண்டரை லட்சம் பெண்களின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், இம்மருந்தை மிகுதியாக உட்கொண்டோரிடம் மூளையுறைக் கட்டி பலமடங்கு கூடுவதையும், உட்கொண்ட மொத்த அளவு ஏற ஏற அது ஏறுவதையும் கண்டறிந்தனர். 2020-இல் ஐரோப்பிய மருந்து முகமை இதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பிரெஞ்சு ஆய்வில் இடம்பெற்றோர் திருநங்கையர் அல்லர். வேறு காரணங்களுக்காக இம்மருந்தை எடுத்துக்கொண்ட பெண்கள். ஆயினும் ஆம்ஸ்டர்டம் பதிவுகளிலும் இதே போக்கு தென்பட்டது. 2021-இல் ஐரோப்பிய மருத்துவமனைகள் பல கூடி நடத்திய ஆய்வு, டெஸ்டோஸ்டிரோனைத் தணிக்க 10 மில்லிகிராமே போதுமானது, அதைவிட மிகுந்த அளவு கூடுதல் பலன் தரவில்லை என்று காட்டியது. ஐந்திலொரு பங்கு மருந்து போதும் என்ற ஒரு வரிச் செய்தி எத்தனை பேரைக் காக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய அளவையே இன்றும் எழுதித் தரும் மருத்துவரையும், அதைக் கேட்டு வாங்கி உண்பவரையும் அச்செய்தி அடைந்ததா என்பதே கேள்வி.

மூன்றாவது, 2019-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் வந்த ஆய்வு. 2,260 டச்சுத் திருநங்கையரில் 15 பேருக்குப் பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இது பிற ஆண்களைவிட 46 மடங்கு. பிற பெண்களில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஒரே தரவிலிருந்து அச்சமூட்டும் தலைப்பும் எழுதலாம், ஆறுதல் தரும் தலைப்பும் எழுதலாம். இரு ஒப்பீடுகளையும் சேர்த்துப் படிப்பவருக்கே உரிய முடிவு கிடைக்கும்: மார்பகம் வளர்ந்த திருநங்கை, பெண்களைப் போலவே அதைக் கவனித்து வர வேண்டும், அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. கூடவே, பிறப்புறுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின்னும் புராஸ்டேட் சுரப்பி அகற்றப்படுவதில்லை என்பதால் அதன் நோய்களையும் நினைவில் கொள்ள வேண்டும். இதைச் சிகிச்சைக்குப் பின் எவரும் சொல்லாததால் அறியாதிருப்போர் உண்டு.

திருத்தமும் பகிர்வின் பகுதியே

ஆய்வைப் பகிர்தல் என்றால் தமக்கு உவப்பான முடிவுகளை மட்டும் பரப்புதல் என்று பொருளன்று. இத்துறையில் இந்நெறி இரு தரப்பிலும் மீறப்படுகிறது.

2019-இல் அமெரிக்க மனநல மருத்துவ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியாயிற்று. சுவீடனில் பாலின முரண்பாடு கண்டறியப்பட்ட 2,679 பேரின் பதிவுகளை ஆராய்ந்து, அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண்டுகள் செல்லச் செல்ல மனநலச் சிகிச்சைக்கான தேவை குறைகிறது என்று அது கூறியது. உலகெங்கும் செய்தியாயிற்று. பல அறிஞர்கள் புள்ளியியல் முறையைக் குறைகூறிக் கடிதம் எழுதினர். ஆய்விதழ் மறுபகுப்பாய்வு கேட்டது. 2020 ஆகஸ்டில் வெளியான திருத்தம், அறுவை சிகிச்சை பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டால் மனச்சோர்வு, பதற்றம் தொடர்பான சிகிச்சைகளில் அறுவைக்குச் சாதகமான வேறுபாடு காணப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது. இதனால் அறுவை சிகிச்சை பயனற்றது என்று ஆகிவிடாது. அந்தத் தரவு அந்த முடிவைத் தாங்கவில்லை என்பதே பொருள். முதல் செய்தியைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் திருத்தத்தைப் பகிர்ந்தார்கள்?

அறுவை சிகிச்சைக்குப் பின் வருந்துவோர் பற்றியும் அடிக்கடி ஓர் எண் எடுத்தாளப்படுகிறது. 1972 முதல் 2015 வரை ஆம்ஸ்டர்டம் மருத்துவமனைக்கு வந்த 6,793 பேரை ஆராய்ந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வு, விதைப்பை நீக்கிக்கொண்ட திருநங்கையரில் 0.6 விழுக்காட்டினரே வருத்தம் தெரிவித்ததாகக் கூறியது. இது மிகக் குறைவான எண். பெரும்பாலோருக்கு அச்சிகிச்சை பிழையான முடிவாக இருக்கவில்லை என்பதற்கு வலுவான சான்று. ஆனால் அதே கட்டுரையில், 36 விழுக்காட்டினர் பின்தொடர்தலில் விடுபட்டுப் போனார்கள் என்ற வரியும் இருக்கிறது. முதல் எண்ணை மட்டும் சொல்பவரும், இரண்டாவதை மட்டும் சொல்பவரும் வாசகரை ஏமாற்றுகிறார்கள்.

தரவைத் தராமல் வைத்துக்கொள்வது அடுத்த குறை. இங்கிலாந்தில் இளையோருக்கான பாலினச் சிகிச்சை குறித்து மருத்துவர் ஹிலாரி காஸ் தலைமையிலான மீளாய்வு 2024 ஏப்ரலில் வெளிவந்தது. இளவயதில் சிகிச்சை பெற்ற சுமார் 9,000 பேர் பிற்காலத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய அக்குழு விரும்பியது. வயது வந்தோருக்கான ஏழு மருத்துவமனைகளில் ஆறு, தரவு தர இசையவில்லை. காஸ் அறிக்கையின் பரிந்துரைகள் குறித்துக் கடும் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றுள் நான் நுழையவில்லை. சான்று வலுவற்றது என்று ஒரு தரப்பும், சான்று இருக்கிறது என்று மறுதரப்பும் வாதிட்டுக்கொண்டிருக்கையில், வாதத்தைத் தீர்க்கக்கூடிய பதிவேடுகள் அலமாரியிலேயே கிடந்தன என்பதைத்தான் சுட்டுகிறேன். அதே ஆண்டு அக்டோபரில், பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகள் பற்றி அமெரிக்க அரசின் நிதியுடன் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள், எதிர்ப்பாளர்கள் ஆயுதமாக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால் வெளியிடப்படாமல் இருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. அடுத்த சில மாதங்களில் நடந்தவற்றை முதலிலேயே குறிப்பிட்டேன். ஆயினும் மறைத்த முடிவு வெளிப்படும்போது, வெளியிட்ட முடிவுகளின் மீதும் ஐயம் படர்கிறது. குறையுள்ள பொருளைப் பிரித்தறிய முடியாத சந்தையில் நல்ல பொருளும் விலைபோகாது என்று பழைய வாகனச் சந்தையை வைத்து ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கியது இங்கும் பொருந்தும்.

விலை என்னும் பூட்டு

வெளியிடப்பட்ட ஆய்வும் எல்லோருக்கும் எட்டுவதில்லை. சந்தா இல்லாத ஒருவர், ஒரேயொரு மருத்துவக் கட்டுரையை இணையத்தில் வாங்கிப் படிக்கப் பல வேளைகளில் 30 டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும். அந்த ஆய்வுக்கு நிதி தந்தது ஏதோ ஒரு நாட்டின் வரிப்பணம். தம் உடலைத் தந்தவர்கள் நோயாளிகள். மதிப்பீடு செய்த அறிஞர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்தவர்கள். அறிவு, ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறைந்துவிடாத பண்டம். ஒரு கட்டுரையை இன்னும் ஒருவர் படிப்பதால் கூடும் செலவு ஏறத்தாழச் சுழியம். அத்தகைய பண்டத்துக்கு விலை வைத்துப் பூட்டுவது, சமூக நலனை வீணடிப்பதாகும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடம்.

இந்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டம் இப்பூட்டை ஓரளவு திறந்திருக்கிறது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு அது திறந்துவிடுகிறது. நல்ல முயற்சி. ஆனால் இதன் எல்லை அரசு நிறுவனங்களின் வாயிலோடு முடிகிறது. சிற்றூரில் தனியாக மருத்துவம் பார்ப்பவரும், தன்னார்வ அமைப்பின் களப்பணியாளரும், தன் உடலைப் பற்றித் தானே படித்தறிய விரும்பும் பட்டதாரித் திருநங்கையும் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

விலைப் பூட்டு திறந்தாலும் மொழிப் பூட்டு மீதமிருக்கும். ‘கூட்டாய்வு’, ‘நம்பக இடைவெளி’ என்ற சொற்களைக் கடந்து ஓர் ஆங்கிலக் கட்டுரையின் சாரத்தை எடுத்துக்கொள்வது படித்தவர்களுக்கே கடினம். எண்களை மாற்றாமல், ஐயங்களை மறைக்காமல், எளிய தமிழில் சொல்லும் பணி இன்னும் தொடங்கப்படவே இல்லை என்று சொல்லும் நிலையில் இருக்கிறோம்.

தமிழகத்தின் கடன்

இப்பணியைத் தொடங்கும் தகுதி தமிழகத்துக்கு உண்டு. 2008-இல் திருநங்கையருக்கென நலவாரியம் அமைத்து இந்தியாவுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிப் பால்மாற்று அறுவை சிகிச்சை செய்ய வழிவகுத்ததும் இங்குதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஆண், பெண் அல்லாத ‘பிற’ பிரிவில் தமிழகத்தில் 22,364 பேரைப் பதிவு செய்தது. உண்மை எண்ணிக்கை கூடுதலாகவே இருக்கும். 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த தொடர் ஆணைகளின் விளைவாக மருத்துவப் பாடநூல்களில் இருந்த இழிவான கருத்துகளைக் களைய தேசிய மருத்துவ ஆணையம் அறிவுறுத்தியது. 2022 ஆகஸ்டில், பாலினச் சிறுபான்மையினரைக் குறிக்கும் சொற்களின் தொகுப்பைத் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. மரியாதையான சொற்கள் கிடைத்துவிட்டன. அச்சொற்களில் எழுதப்பட்ட மருத்துவ அறிவு அடுத்து வர வேண்டும்.

லிவிங் ஸ்மைல் வித்யா, அ.ரேவதி ஆகியோர் தம் தன்வரலாறுகளில் அறுவை சிகிச்சை நடந்த விதத்தையும் அதற்குப் பிந்தைய நாள்களின் வலியையும் எழுதியிருக்கிறார்கள். தமிழில் இத்துறையின் முதல் சான்றுகளை நோயாளிகளே தந்தார்கள் என்பதை நாம் நன்றியோடும் சற்று வெட்கத்தோடும் நினைக்க வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நம் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தாண்டுகள், பத்தாண்டுகள் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, ஆம்ஸ்டர்டம் தந்ததைப் போன்ற விடையை நாம் தந்ததில்லை. டச்சு உடல்களிலிருந்து பெற்ற எண்களை, உணவும் வாழ்நிலையும் பிற நோய்களும் வேறான நம் மக்களுக்கு அப்படியே பொருத்திக்கொண்டிருக்கிறோம்.

2019-இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சிகிச்சைக்கான கையேட்டையும், மருத்துவப் பாடத்திட்டம், ஆய்வு ஆகியவற்றின் மீளாய்வையும் அரசின் கடமையாகக் கூறியது. இதன் வழியில் செய்யக்கூடியவை சில:

முதலாவதாக, ஹார்மோன் சிகிச்சை தரும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் நான்கைந்து பக்கத் தமிழ்க் கையேடு ஒன்று தரப்பட வேண்டும். எதிர்பார்க்கக்கூடிய மாற்றங்கள், மாறாதவை, மீளாதவை, ரத்த உறைவின் அறிகுறிகள், எடுக்க வேண்டிய பரிசோதனைகள், கருத்தடை மாத்திரை ஏன் மாற்றாகாது என்பவை அதில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் அது திருத்தப்பட வேண்டும். எது உறுதி, எது ஐயம் என்பது பிரித்துச் சொல்லப்பட வேண்டும்.

இரண்டாவதாக, சிகிச்சை பெறுவோரின் சம்மதத்துடன் நெடுங்காலப் பதிவேடு ஒன்றை மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும். நன்மை, தீமை, இடையில் விட்டுச் சென்றோர் என மூன்றையும் அது ஆண்டறிக்கையாக வெளியிட வேண்டும்.

மூன்றாவதாக, ஆய்விதழ்ச் சந்தாத் திட்டத்தைப் பொது நூலகங்களுக்கு விரிக்க வேண்டும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் மாவட்ட மைய நூலகங்களிலும் எவரும் அமர்ந்து படிக்கக் கூடுமானால், பயன் திருநங்கையரோடு நின்றுவிடாது. புற்றுநோயாளியின் மகனும் அங்கு வந்து அமர்வார்.

இவற்றுக்கு ஒரு வரம்பும் உண்டு. சிறு எண்ணிக்கையிலான மக்களின் தரவு எளிதில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மாவட்டத்தில், குறிப்பிட்ட வயதில், குறிப்பிட்ட ஆண்டில் அறுவை சிகிச்சை பெற்ற திருநங்கை என்றாலே ஊருக்கு அவர் யாரென்று தெரிந்துவிடும். எனவே தனியாள் விவரங்கள் பூட்டப்பட்டும், தொகுத்த முடிவுகள் திறக்கப்பட்டும் இருக்க வேண்டும். எதைக் கேட்பது, எதை வெளியிடுவது என்று முடிவெடுக்கும் குழுவில் திருநங்கையர் இடம்பெற வேண்டும். தம்மைப் பற்றிய ஆய்வைத் தாமே கடைசியாக அறிந்துகொள்ளும் நிலை அப்போதுதான் மாறும்.

இச்சிகிச்சையே தேவையா என்று கேட்கும் வாசகர்கள் இருப்பார்கள். அவர்களோடு வாதிட இங்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில், பாலின முரண்பாட்டை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிப் பாலியல் நலன் சார்ந்த பகுதிக்கு மாற்றியது. சிகிச்சைக்கான வழி திறந்திருக்க வேண்டும் என்பதும் அந்தப் பகுதியில் அதை வைத்ததன் நோக்கம். நாம் ஏற்றாலும் மறுத்தாலும், பெண்ணாக வாழ முடிவெடுத்த ஒருவர் ஏதேனும் ஒரு மருந்துக் கடையின் முன் இன்று மாலையும் நிற்பார். அவர் கையில் சரியான தகவல் இருக்க வேண்டுமா, வேண்டாமா என்பதே சமூகத்தின் முன்னுள்ள தேர்வு. ரத்தம் உறையும் என்பதை ஆம்ஸ்டர்டம் 1989-இல் எழுதி வைத்துவிட்டது. அதை அந்தக் கடை வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பது நம் பொறுப்பு.